எங்கள் வீட்டில் இரண்டு கூலர்

எங்கள் வீட்டில் கூலர் என்ற சொல் என் கணவருக்குச் சொந்தம். மன்னார்த் தீவில் மீன் யாவாரம் செய்கிற எந்த வீட்டிலும் அப்படித்தான். கூலர் என்றால் மீன் ஏற்றும் குளிர்ப்பெட்டி லொறி. கூலர் வந்திட்டுதா, கூலர் வெளிக்கிட்டிட்டுதா, கூலருக்கு ஐஸ் போட்டாச்சா என்ற கேள்விகளோடுதான் எங்கள் நாட்கள் ஓடுகின்றன. பேசாலையிலும் ஓலைத்தொடுவாயிலும் கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, அந்த லொறியில் இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்புவது அவருடைய தொழில். லொறியின் முன்கண்ணாடியில் மடு மாதா கோயில் மண் கட்டிய சிறு துணிமுடிச்சு ஒன்று தொங்கும். அந்த வாகனத்துக்குத் தடிமன் பிடித்தால் இவர் தும்முவார்.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்த நான்தான் ஒரு காலையில் அவருக்கு இப்படிச் செய்தி அனுப்பினேன்: “கூலர் சரியான சத்தம். இனித் தாங்காது. மாத்தத்தான் வேணும்.”

மனிதர் ஏலத்தை அரைகுறையில் விட்டுவிட்டு வந்துவிட்டார். வருகிற வழியிலேயே சாரதிக்கு அழைத்து, புத்தளத்துக்கு அப்பால் திரும்பி வந்துகொண்டிருந்த லொறியை ஓரங்கட்டச் சொல்லியிருக்கிறார். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் எழுப்பியாயிற்று. வாசலில் மோட்டார் சைக்கிளைச் சரியாக நிறுத்தாமலே உள்ளே வந்தார்.

“ஆர் சொன்னது? சாரதியோ சொன்னவன்? எங்கையாம் சத்தம்?”

நான் மேசைக்குக் கீழே இருந்த கணினியைக் காட்டினேன். அது தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.

“உதுக்கும் கூலர் எண்டோ பேர்?”

“ஓம். இதுக்கும் அதுதான் பேர்.”

“மாதாவே” என்று கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்குக் கைவிட்டுப்போன பாரை மீனை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். என் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் பாரையை இழந்த மனிதரிடம் நியாயம் பேசி வெல்ல முடியாது.

என் கணினி, கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகளுடையது. அவள் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டாள். மெலிந்த கேசிங். நிமிர்த்தி வைத்தால் ஒரு தடித்த அகராதி அளவுதான் இருக்கும். அதற்குள் புரொசசர் என்று ஒன்று இருக்கிறது. கணினியின் யோசனையெல்லாம் அதில்தான் நடக்கிறது, யோசிக்க யோசிக்க அது சூடாகும். அந்தச் சூட்டை இழுத்தெடுக்க அதன்மேல் அலுமினியத் தகடுகளும், தகடுகளுக்கு மேலே ஒரு விசிறியும் வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் கூலர். கொழும்பில் மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்த அந்த விசிறி, மன்னாருக்கு வந்து ஒரு சோளகத்தை, எங்கள் தென்மேற்குக் காற்றைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டது. இங்கே காற்றில் பாதி உப்பு, பாதி மணல். தகடுகளில் வெள்ளை பூத்திருந்தது. விசிறியின் அச்சுத் தேய்ந்து, அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். என்னால் இருக்க முடியவில்லை. காரணம் என் தொண்டை.

நான் விஞ்ஞானம் படிப்பித்த ஆள். கடைசி வாங்கிலில் நித்திரை கொள்கிறவனையும் பெயர் சொல்லாமலே எழுப்பிவிடும் குரல் எனக்கு இருந்தது. கோயிலில் பூசைக்கு வேதாகம வாசகம் வாசிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மைக் பழுதான நாட்களில்கூட வெளியே வேம்புக்குக் கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் அந்தப் பெருமை பிடிக்கும். பிறகு குரல்நாணில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை. வெட்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல் மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. முன்வாங்கிலுக்கே கேட்காத குரலோடு வகுப்பில் நிற்க முடியாது என்று முன்கூட்டியே ஓய்வெடுத்தேன். வாசகத்துக்கும் வேறு பிள்ளை ஒன்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் எல்லோரும் தலையைச் சாய்த்துக் கொண்டு கேட்பார்கள். மரியாதைக்குத்தான் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சாய்வைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அந்த நேரத்தில்தான் பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை ஒலியில் பதிந்து கொடுக்கும் ஒரு சிறு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வவுனியாவில் இருக்கிறார்கள். பொறுப்பாக இருப்பவரும் பார்வையற்றவர். மைக்குக்கு முன்னால் கத்தத் தேவையில்லை, மெல்லப் பேசினால் போதும். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குரிய விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசித்து அனுப்பினேன். மறுநாள் அவருடைய குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

“ரீச்சர், வாசிப்பு நல்ல தெளிவு. ஆனா பின்னாலை ஒரு இரைச்சல் கிடக்கு. பிள்ளையள் மணித்தியாலக் கணக்கிலை கேக்கிறவை, தலையிடிக்கும். அதை இல்லாமல் ஒருக்கா அனுப்புங்கோ பாப்பம். மாதக் கடைசிக்கிடையிலை அனுப்பினால்தான் புத்தகத்தை உங்களுக்குத் தரலாம். இல்லாட்டி வேறை ஆள் பாக்க வேணும்.”

அந்த விஞ்ஞானப் புத்தகம் எனக்கு வேண்டும். வேறு ஒருவர் அதை வாசிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்.

இரைச்சலுக்குக் காரணம் கூலர்தான். என் குரல் சின்னது என்பதால் மைக்கின் காதை நன்றாகத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. திறந்த காதில் குரலுக்கு முன்னால் விசிறி போய் உட்கார்ந்துகொண்டது. இரவில் பதிவோம் என்றால் இரவில்தான் எங்கள் முற்றத்தில் மீன்பெட்டி இழுப்பதும் ஐஸ் உடைப்பதும். எனக்குக் கிடைப்பது மத்தியான நேரம் மட்டும், ஊர் உண்டுவிட்டுச் சரிந்திருக்கும் நேரம். அதுதான் வெக்கை கூடிய நேரமும். யன்னலைச் சாத்தி, மேலே ஓடும் விசிறியையும் நிற்பாட்டிவிட்டு இருந்தால், புரொசசருக்கு முன்னால் நான் அவிந்துபோவேன்.

கணினிக்கு மேலே தலையணை வைத்துப் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சூடேறி அணைந்துபோனது. இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள் இருந்து வாசிப்பதுபோல இருந்தது. நகரத்துக் கடை ஒன்றில், “இது சத்தமே போடாது மிஸ்” என்று ஒரு கூலரைத் தந்தார்கள். உண்மையிலேயே சத்தம் போடவில்லை. ஆனால் அது கோபுரம் மாதிரி உயரம், கேசிங்கின் மூடி மூடவில்லை. மூடியைத் திறந்தே வைத்தால் என்ன என்று கேட்டார்கள். மன்னாரில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தால் பின்னேரம் அதற்குள் ஒரு சிரட்டை மணல் அள்ளலாம் என்பது மன்னாரில் கடை வைத்திருக்கிறவருக்கே தெரியவில்லை.

ஆகவே மெல்லியதாகவும் இருக்க வேண்டும், மௌனமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் குணங்கள். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே நிறையக் காற்றைத் தள்ளும். மெலிந்த விசிறி அதே காற்றைத் தள்ள ஓட வேண்டும், ஓடினால் மூச்சு வாங்கும். மகள் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். எல்லாமே ‘கிசுகிசுப்பைவிட மெல்லியது’. விளம்பரம் எழுதுகிறவர்கள் யாரும் எங்கள் வெக்கையில் யன்னலைச் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் இருந்து பார்த்தவர்கள் இல்லை. கடைசியில், மூடிக்கும் புரொசசருக்கும் இடையில் உள்ள இடைவெளியை அடிமட்டம் வைத்து அளந்து சொன்னேன். அதற்குள் அடங்கக்கூடிய ஒன்றை மகள் தெரிந்தெடுத்தாள். அடி செம்பு, தகடுகள் நெருக்கமாக, விசிறி ஒரு பிஸ்கட் பெட்டியின் மூடி அளவு மெலிந்தது. கொழும்பில் எங்கள் லொறி மீன் இறக்கும் இடத்துக்கே கடைக்காரர் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. பெட்டியில் தமிழில் பெரிதாக எழுதிவிடச் சொல்லி நானே சொல்லிக் கொடுத்தேன்: ‘கூலர். கவனம்.’

லொறி திரும்பி வந்த காலை, சாரதி பார்சலை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மட்டை ஊறி, தேநீரில் தோய்த்த பணிஸ் மாதிரிப் பிய்ந்தது. மீன் நாற்றம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட்டது.

“தம்பி, இதை எங்கை வைச்சனீங்கள்?”

“கூலருக்குள்ளைதான் அக்கா. கூலர் எண்டு எழுதிக் கிடந்தது. கவனம் எண்டும் கிடந்தது. அதுதான் பழுதாகாமல் மிஞ்சின ஐஸுக்கு மேலை வைச்சுக் கொண்டந்தனான்.”

எனக்கு வந்த கோபத்தை என் பழைய குரலில் வெளியே விட்டிருந்தால் தலைமன்னார் வரை கேட்டிருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் எழுதியிருந்ததைச் சரியாக வாசித்து, சரியாகச் செய்திருக்கிறார். விடைத்தாளில் எழுதியிருந்தால் நான் சரி போட்டிருப்பேன். உள்ளேயிருந்து என் கணவர் சிரித்த சிரிப்பு மட்டும் தாங்க முடியாமல் இருந்தது.

“பாரைக்குப் பாரை சரியாப்போச்சு” என்றார்.

விசிறியைக் கழற்றி வேறாக எடுத்தேன். தகடுகளைத் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமும் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தேன். விசிறிக்குத் தண்ணீர் காட்ட முடியாது. துணியால் ஒற்றி, உடுப்புக் காயப்போடும் கொடியில் வயரால் கட்டித் தொங்கவிட்டேன். சோளகம் வந்து அதைப் பிடித்துச் சுற்றத் தொடங்கியது. மின்சாரமே இல்லாமல் அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் காதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். கொடியின் சத்தம் கேட்டது, காற்றின் சத்தம் கேட்டது. விசிறியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டுப் பூட்டினேன். பூட்டுவதற்குக் கணினியின் குடலையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பின்பக்கத்தில் ஒரு சட்டம் பிடிக்க வேண்டும், நான்கு திருகாணிகளையும் மாறி மாறி, ஒன்றை மட்டும் இறுக்கிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடி அளவெடுத்ததுபோல மூடியது. போட்டுப் பார்த்தால், சில நிமிடங்களில் சூடு தொண்ணூறு பாகையை எட்டி, விசிறி ஓலமிட்டது. கழற்றினேன். செம்பு அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. கழுவும்போது செம்பில் தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று விட்டது, அப்படியே மறந்துபோனது. வெப்பக் கடத்தலைத் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்த நான், சூட்டுக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியிருக்கிறேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லாதது என் புண்ணியம்.

தாளை உரித்து, சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவிப் பூட்டிய பிறகுதான் அதை ஒழுங்காகச் சோதிக்கத் தொடங்கினேன். சும்மா இருக்கும்போது விசிறி சுற்றுகிறதா என்று கேசிங்கின் துளைகளால் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மத்தியானம், யன்னல் சாத்தியிருக்க, வாசித்துப் பதியும்போதும் அப்படியே இருந்தது. சூடு அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் பதிந்த நீண்ட பாடத்தை வெட்டி ஒட்டிச் சிறிய கோப்பாக மாற்றும்போது எண்பதுக்கு ஏறியது, விசிறியும் தன் மெலிவைக் காட்டிவிட்டது. கீச்சென்று ஒரு மெல்லிய குரல். எவ்வளவு சூட்டில் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று கணினிக்குள் ஒரு கோடு வரையலாம் என மகள் சொல்லித் தந்தாள். கோட்டைக் கொஞ்சம் தாழ்த்தினேன், கீச்சு குறைந்தது. என்னுடைய தீர்ப்பு இதுதான்: மெல்லிய கூலர் பெரிய பாரம் சுமக்காது. சுமக்கச் சொன்னால் முனகும். ஒரு பெண் மெதுவாகப் புத்தகம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது அதற்குப் பாரம் இல்லை. அதற்கு மேல் நான் அதனிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு குறை விளம்பரத்தில் இருக்கவில்லை. எத்தனை தேசிக்காய் போட்டும் தகடுகளின் இடுக்கில் மீன் கொஞ்சம் தங்கிவிட்டது. சூடு ஏற ஏற மணம் வரும். எழுபது பாகையில் இலேசாகக் கருவாடு, எண்பதில் தெளிவான கருவாடு. சூடு எவ்வளவு என்று திரையைப் பார்க்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அந்தக் கிழமை முழுவதும் கணினியைக் காவல் காத்தது.

மாதக் கடைசி நெருங்கியது. பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். வெப்பம் பற்றிய பாடத்தையே தெரிந்தெடுத்து வாசித்துப் பதிந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

இரைச்சல் இல்லை. துளிகூட இல்லை. முதலில் கேட்டது என் மூச்சு. பிறகு என் குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சொல்லுக்குச் சொல் சுரண்டியது. சில எழுத்துகளில் சத்தமே இல்லை, காற்றுத்தான் போனது. ‘மேற்காவுகை’ என்று ஒரு சொல் வருகிறது, சூடான காற்று மேலே எழுவதைச் சொல்லும் பாடச்சொல். அதில் ‘மேற்’ என்று சொல்லிவிட்டு ‘கா’வில் குரல் உடைந்து, ‘கை’யில்தான் திரும்பி வருகிறது. அந்தச் சொல் பாடத்தில் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் உடைந்தது. பழைய பதிவை எடுத்துக் கேட்டேன். அதிலும் குரல் இப்படி உடைந்துதான் இருந்தது. விசிறி மூடி மறைத்திருக்கிறது. நான் அதை விசிறி விழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடத்தை நானே தேசிக்காய் போட்டுக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டேன். இனிச் சொல்ல ஒரு கோணலும் மிச்சமில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கூலர் வேலை செய்ததை எண்ணித்தான் அழுதேன்.

கணவர் உள்ளே வந்தவர், நான் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் “நல்லாக் கிடக்கு” என்று சொல்கிற மனிதர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினார்.

“வாசிக்கேக்கை உனக்கு நோகுதோ?”

“இல்லை.”

“நோகிற மாதிரிக் கிடக்கு” என்றார். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு ஐஸ் பார்க்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் எழுந்துபோய் மேலே ஓடும் விசிறியின் சுவிச்சில் கை வைத்தேன். அதைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை பதியலாம். சத்தம் திரும்பி வந்துவிடும். கூலர் ஐஸ் தண்ணீரில் ஊறிப் பழுதாகிவிட்டது என்று சொன்னால் நம்பாமல் விட யாரும் இல்லை, சாட்சிக்குச் சாரதி இருக்கிறார், நாற்றமும் இருக்கிறது. புத்தகம் கிடைக்காது, ஆனால் காரணம் விசிறியாக இருக்கும். கை சுவிச்சில் நீண்ட நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டேன். புத்தகம் போனாலும் என் குரலால் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. பதிந்ததை அப்படியே அனுப்பினேன்.

இரண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. ஈரக் கையோடு அமத்தினேன்.

“ரீச்சர், இரைச்சல் ஒண்டும் இல்லை. நல்ல சுத்தம். ஒண்டு கேக்கட்டோ? உங்கடை தொண்டைக்கு என்ன நடந்தது?”

ஊரில் அத்தனை பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள், இந்தக் கேள்வியை ஒருவர் கேட்கவில்லை. நான் நடந்ததைச் சொல்லி அனுப்பினேன். வெட்டியது, வகுப்பை விட்டது, வாசகத்தை விட்டது. வேறு ஆள் பார்க்கிறதென்றால் பாருங்கோ, எனக்கு விளங்கும் என்றும் சொன்னேன். பதில் உடனே வந்தது.

“ஏன் வேறை ஆள்? புத்தகம் உங்களுக்குத்தான். ஒரு பந்தி வாசிச்சவுடனை நிப்பாட்டித் தண்ணி குடியுங்கோ. குடிக்கிற சத்தத்தை வெட்டி எடுக்காதேங்கோ ரீச்சர். எங்கடை பிள்ளையளுக்குப் பேசுற மெசின் நிறையக் கிடக்கு, அதுகள் தண்ணி குடிக்கிறேல்லை. வகுப்பிலை ஒரு ரீச்சர் நிண்டு படிப்பிக்கிற மாதிரி இருக்கட்டும்.”

அன்று மத்தியானம் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து மேசையில் வைத்தேன். யன்னலைச் சாத்தினேன். கீழே கூலர் சுற்றிக்கொண்டிருந்ததா என்று குனிந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. புத்தகத்தின் முதற்பக்கத்தைத் திறந்து, பதிவை அமத்தினேன். புத்தகத்தில் இல்லாத ஒரு வரி என் வாயில் முதலில் வந்துவிட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு நாளும் கேட்ட வரி.

“எல்லாரும் வந்திட்டியளோ?”

வெட்டவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.